12 முறை சாம்பியன்... ஒரே டிராவில் இரண்டாம் டிவிஷன்! ஒரு சின்ன ஊரின் ஹேண்ட்பால் கதை

2019, ஜூன் 9. ஜெர்மனியின் பீட்டிக்ஹைம் நகரில் ஆண்கள் ஹேண்ட்பால் பண்டஸ்லிகாவின் கடைசி நாள் ஆட்டம். முடிவு 25-25, டிரா. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஆளுக்கொரு பாயின்ட் வாங்கிக்கொண்டு இரு அணிகளும் கைகுலுக்கிப் பிரிந்திருக்கும். அன்று மட்டும் அந்த டிரா இரண்டு அணிகளையுமே இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டது. வேறோர் ஊரில் ஆடிய லுட்விக்ஸ்ஹாஃபன் ஜெயித்துத் தப்பித்துக்கொண்டது.

பீட்டிக்ஹைம் இறங்கியது பெரிய செய்தி இல்லை. அதனுடன் இறங்கிய இன்னோர் அணியின் பெயர்தான் ஜெர்மனியையே அதிரவைத்தது. அது கும்மர்ஸ்பாக்! 1966-ல் பண்டஸ்லிகா தொடங்கிய நாள் முதல் ஒரு சீசன்கூட விடாமல் ஆடிவந்த ஒரே அணி.

ஹேண்ட்பாலை நம்மில் பலர் பள்ளி ஸ்போர்ட்ஸ் மீட்டில் பார்த்ததோடு சரி. பக்கத்துக்கு ஏழு பேர், 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் கோர்ட், பாதிக்கு 30 நிமிடம். கோலைச் சுற்றி ஆறு மீட்டர் கோடு. அதற்குள் கோல்கீப்பர் மட்டுமே நிற்கலாம். அதனால் எறிபவர் கோட்டுக்கு வெளியே எம்பி, தரையில் கால்படுவதற்குள் பந்தை விட்டாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 50, 60 கோல் அடிப்பது சாதாரணம். கால்பந்து மாதிரி ஒரு கோலுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிற கதையே கிடையாது.

உலகின் மிகக் கடினமான ஹேண்ட்பால் லீக் என்று பேர்வாங்கியது ஜெர்மனியின் பண்டஸ்லிகா. 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். கடைசி இரண்டு இடம் பிடித்தால் கீழே போக வேண்டியதுதான். ஆனால், இந்த லீகின் அழகே வேறு. கால்பந்து என்றால் மியூனிக், டார்ட்மண்ட் என்று பெரிய நகரங்கள். ஹேண்ட்பாலில் வரைபடத்தில் தேடிப்பிடிக்க வேண்டிய ஊர்கள்! க்ரோஸ்வால்ஷ்டாட் என்ற கிராமத்தில் மொத்தமே சுமார் 4,000 பேர். அந்த ஊர் அணி 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பிய சாம்பியன். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை.

அந்தச் சின்ன ஊர்களின் ராஜாதான் கும்மர்ஸ்பாக். கொலோன் நகரிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர், மலைச்சரிவில் சுமார் 50,000 பேர் வாழும் தொழிற்சாலை ஊர். ஷ்டைன்முல்லர் என்ற பாய்லர் கம்பெனிதான் தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்குச் சோறு போட்டது. சந்தோஷம் கொடுத்தது ஹேண்ட்பால். 1966-லிருந்து 1991 வரை 12 முறை ஜெர்மன் சாம்பியன். ஐரோப்பிய சாம்பியன் பட்டம் மட்டும் ஐந்து!

ஆரம்பகால ஹீரோ ஹான்சி ஷ்மிட். ருமேனியாவில் பிறந்த ஜெர்மானியர். 1963-ல் ருமேனிய அணியுடன் ஜெர்மனிக்கு ஆட வந்தவர், திரும்பிப்போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். எம்பிக் குதித்து, தடுப்பவர்கள் கீழே இறங்கும்வரை காற்றில் காத்திருந்து எறிவது இவர் ஸ்டைல். உள்ளூர்ப் பையன் ஹைனர் பிராண்ட் 1978-ல் வீரராகவும், 2007-ல் கோச்சாகவும் ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வென்று கொடுத்தார்.

1978 உலக சாம்பியன் அணியில் இன்னொரு கும்மர்ஸ்பாக் வீரரும் இருந்தார். யோவாகிம் டெக்கார்ம். 104 சர்வதேச ஆட்டங்களில் 381 கோல். அந்தக் காலத்தில் உலகிலேயே சிறந்தவர் என்று பலரும் சொன்ன ஆட்டக்காரர். 1979, மார்ச் 30-ம் தேதி ஹங்கேரியின் தடாபான்யா நகரில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. பந்தைப் பிடிக்க ஓடிய டெக்கார்மின் தலையும், எதிரணி வீரரின் தலையும் மோதின. நினைவிழந்து விழுந்தார். மேலே மெல்லிய விரிப்பு, அடியில் கான்கிரீட் தரை. அப்போது அவருக்கு வயது 25.

131 நாள்கள் கோமா. கண் விழித்தபோது பேச்சு இல்லை, நடை இல்லை. குழந்தையைப்போல எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இளம் வயதில் அவருக்குப் பயிற்சி கொடுத்த வெர்னர் ஹூர்ட்டர்தான் வருடக்கணக்கில் கூடவே இருந்து நடக்கவும் பேசவும் பழக்கினார். பழைய அணித்தோழர்களும் அவரைக் கைவிடவில்லை. பிராண்ட் உட்பட அத்தனை பேரும் தொடர்பில் இருந்தார்கள். சொந்த ஊரான சார்ப்ரூக்கனில் பல வருடங்கள் வாழ்ந்த டெக்கார்ம், 2018-ல் கும்மர்ஸ்பாக்குக்கே குடிவந்துவிட்டார். அதற்கு அடுத்த வருடம்தான் அணி கீழே இறங்கியது.

ஏன் இறங்கியது? ஒரே வார்த்தையில் பணம் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் விரித்தால் ஹால். 1990-களுக்குப் பிறகு லீகில் டி.வி., ஸ்பான்சர், பெரிய அரங்கம் என்று எல்லாம் மாறின. வடக்கே கீல் நகரின் அரங்கில் 10,000 பேர் உட்காரலாம். அந்த அணி 23 பட்டங்களைக் குவித்தது. 2011-12 சீசனில் 34 ஆட்டங்களையும் ஜெயித்தது! கும்மர்ஸ்பாக்கின் பழைய ஹாலோ சின்னது. அதனால் 2000-களில் பல 'ஹோம்' ஆட்டங்களை கொலோனின் பிரமாண்ட அரங்கில் வைத்தார்கள். சின்ன ஊர் அணி, பெரிய நகரத்துச் சட்டையை மாட்டிப்பார்த்தது. 2009, 2010, 2011 என மூன்று வருடம் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பைகள்கூட வந்தன. ஆனால் லீக் பட்டம் வரவில்லை. பணநெருக்கடிதான் திரும்பத் திரும்ப வந்தது. சொந்த ஊரில் ஹோம் ஆட்டம் பார்க்க முடியாத ரசிகர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

2013-ல் ஊருக்கே புது ஹால் வந்தது. கட்டிய இடம்தான் விசேஷம். மூடப்பட்ட ஷ்டைன்முல்லர் தொழிற்சாலை இருந்த அதே நிலம். பக்கத்து ஊர் சைக்கிள் டயர் கம்பெனியின் பெயரில் 'ஷ்வால்பே அரேனா'. 4,132 பேருக்கு இடம். முகவரியோ ஹைனர் பிராண்ட் சதுக்கம்!

ஆறே வருடத்தில் அந்த ஹாலில் இரண்டாம் டிவிஷன் ஆட்டம். 2020-ல் கோச்சாக வந்தவர் குத்யோன் வாலூர் சிகுர்த்சன். ஐஸ்லாந்துக்காரர், சர்வதேச ஆட்டங்களில் 1,800-க்கும் மேல் கோல் அடித்தவர். 2005-06 சீசனில் இதே கும்மர்ஸ்பாக்குக்காக 264 கோல் அடித்து லீகின் டாப் ஸ்கோரர் ஆனவர். அப்போதுதான் வீரராக ஓய்வு பெற்றிருந்தார். கோச்சாக அவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. நட்சத்திரங்களை விலைக்கு வாங்கப் பணம் இல்லை. இளைஞர்களை வைத்தே அணியைக் கட்டினார். அவர்களில் ஒருவரான யூலியன் கோஸ்டர் 2022 ஜனவரியில், இரண்டாம் டிவிஷன் வீரராகவே ஜெர்மனிக்காக ஐரோப்பிய சாம்பியன்ஷிப் ஆடினார். அது அபூர்வம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

மேலே ஏற மூன்று சீசன் ஆனது. 2022-ல் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து, கும்மர்ஸ்பாக் மீண்டும் பண்டஸ்லிகாவுக்குள் வந்தது. முதல் வருடம் பத்தாவது இடம். அடுத்த வருடம் ஆறாவது. அந்த ஆறாவது இடத்தால் 2024-25 சீசனில் ஐரோப்பியப் போட்டிக்கும் டிக்கெட் கிடைத்தது. வெளிநாட்டு அணிகள் மலையேறி அந்த ஊருக்கு வந்தன. இந்த முறை ஆட்டங்களை கொலோனுக்குக் கொண்டுபோகவில்லை. பாய்லர் தொழிற்சாலை இருந்த இடத்தில், 4,132 பேருக்கு இடமுள்ள அந்த ஹாலில்தான் ஆடினார்கள்.