குளிர்ந்த டயரைத்தான் கேட்க வேண்டும்

ஜனவரி பிறந்தால் அரிசோனா பாலைவனத்தின் குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் வண்டிகளால் நிரம்பிவிடும். மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களின் பனிக்குத் தப்பி, படுக்கை, அடுப்பு, குளியலறை சகிதமாக வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஆர்.வி. என்று அழைக்கப்படும் இவ்வண்டிகளில் பெரியவை பத்து டன்னைத் தாண்டும். அந்த எடையில் பெரும்பங்கைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று.

அந்தக் காற்று பருவத்துக்கு ஏற்ப மாறும். 20 டிகிரி செல்சியஸில் 80 பிஎஸ்ஐ பிடித்த டயர், மைனஸ் 10 டிகிரி காலையில் சுமார் 70தான் காட்டும். எங்கும் கசியவில்லை, குளிரில் வாயுவின் அழுத்தம் தணிகிறது, அவ்வளவே.

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் தரையில் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த உழைப்பில் ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே சூடாகத் தங்குகிறது. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். வில்லங்கம் இங்கேதான்: நண்பகலில் மானி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், உள்ளே ரப்பரும் அதில் பதிந்த பெல்ட்டும் பிரியத் தொடங்கியிருக்கலாம். அதனால்தான் மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயரை அளக்கச் சொல்கிறார்கள். ஓடிச் சூடான டயரில் 'அதிகமாக இருக்கிறதே' என்று காற்றை இறக்கிவிடுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. மறுநாள் காலையில் அது இன்னும் குறைந்திருக்கும்.

எவ்வளவு பிடிப்பது? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச சுமைக்கானது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் லாரி எடைமேடையில் நிறுத்தி, முடிந்தால் சக்கரம் சக்கரமாக எடை பார்த்து, டயர் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். 100 கேலன் தண்ணீரே 378 கிலோ! ஒரே அச்சில் ஒரு பக்கம் கனத்தால், கனத்த பக்கத்துக்கான அழுத்தமே இரு பக்கமும்.

அமெரிக்கச் சட்டம் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் அழுத்த எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஆனால் 4,536 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தாது. கருவி அதிகம் தேவைப்படுவது அவற்றுக்குத்தான் என்பேன். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் உள்டயர் இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரிவதே இல்லை. வெளிடயர் ஓசையின்றி இரண்டின் சுமையையும் இழுத்துக்கொண்டு ஓடும்.