20 மி.மீ. தகடு எந்தக் கட்டத்தில்?

கட்டுமான எஃகுத் தகட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062. அதில் 'ஈ250' என்ற பெயரைப் பார்த்ததும் 250 மெகாபாஸ்கல் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாத எஃகு என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த 250 எல்லாத் தடிமனுக்கும் கிடையாது. மி.மீ. கணக்கில் மூன்று கட்டங்கள் உண்டு: <20, 20–40, >40. அவற்றுக்கு உரிய வலிமை முறையே 250, 240, 230.

சரியாக 20 மி.மீ. தகடு எதில் சேரும்? <20 என்றால் 20-க்குக் குறைவானது மட்டுமே. ஆகவே 20 மி.மீ. தகட்டுக்கு 240தான். 100 மி.மீ. அகலப் பட்டையை வைத்துப் பார்ப்போம். வெட்டுப்பரப்பு 2,000 சதுர மி.மீ. 250 என்று போட்டால் தாங்குதிறன் 500 கிலோநியூட்டன். 240 என்றால் 480. நடுவில் காணாமல் போகும் 20 கிலோநியூட்டன் ஏறத்தாழ 2 டன் எடை! அதே அட்டவணையில் 40 மி.மீ. தகடு கீழே இறங்குவதில்லை. >40 என்பதில் 40 அடங்காது என்பதால் அது 240-இலேயே நிற்கிறது. ஒரே அட்டவணையின் இரண்டு எல்லைகளுமே இப்படி வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அதனால் எல்லை எண்ணை ஒவ்வொரு முறையும் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

ஐரோப்பியத் தரநிலை இ.என். 10025-2 இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. எஸ்355 எஃகுக்கு ≤16 என்றால் 355. >16 ≤40 என்றால் 345. >40 ≤63 என்றால் 335. இரட்டைக் குறியைக் கண்டு மிரள வேண்டாம். குறிக்கு முன்னால் 'தடிமன்' என்று சேர்த்துப் படியுங்கள்: தடிமன் 16-ஐவிட அதிகம், தடிமன் 40 அல்லது அதற்குக் குறைவு. அடியில் உள்ள கோடுதான் எல்லை எண்ணையும் உள்ளே சேர்க்கிறது. < > குறிகள் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1631-இல் அச்சேறின. அடிக்கோட்டைச் சேர்த்தவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே, 1734-இல். அந்தச் சிறு கோடு பிறக்க ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

தடிமன் கூடினால் வலிமை ஏன் குறைகிறது? மெல்லிய தகடு உருளைகளுக்கு இடையே அதிகம் நசுக்கப்பட்டு, சீக்கிரம் ஆறுகிறது. உள்ளே படிகத் துகள்கள் பொடிப்பொடியாக அமைகின்றன. தடித்த தகட்டின் நடுப்பகுதி மெதுவாக ஆறுவதால் துகள்கள் பெரிதாகின்றன. உலோகம் நீளும்போது படிகத்துக்குள் நகரும் பிசகுகளைத் தடுப்பவை துகள் எல்லைகள்தாம். துகள் பெரிதானால் எல்லைகள் குறையும், தடையும் குறையும். 1950-களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த உறவு இது.

ஆனால் இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்வது. 16 மி.மீ.க்கும் 17-க்கும் இடையே எஃகு திடீரென்று 10 மெகாபாஸ்கலை இழந்துவிடுவதில்லை; அந்தப் படி அட்டவணைக்காக வெட்டப்பட்டது. ஐரோப்பிய அட்டவணையின் தலைப்பு கேட்பதும் பெயரளவுத் தடிமனைத்தான். 16 மி.மீ. என்று வாங்கிய தகடு, அனுமதித்த வரம்புக்குள் இருந்து, கருவியில் 16.3 காட்டினாலும் அதற்குரிய கட்டம் ≤16, வலிமை 355.