கப்பலில் விட்டுப் போவதா, மடியில் கட்டிக்கொள்வதா?

சின்னாளபட்டியில் இருக்கும் என் அத்தை, சுங்குடித் துணியில் மிச்சமான துண்டை எடுத்து ஒரு சுருக்குப் பை தைத்திருந்தார். வெற்றிலை பாக்குக்கு என்றால் உள்ளங்கை அளவு போதும். இது அதைவிடப் பெரியது. பாஸ்போர்ட்டை வைத்து அளவெடுத்துத் தைத்த பை. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் சுற்றுலாக் கப்பலில் அவருக்கும் மாமாவுக்கும் மகன் இடம் போட்டிருந்தான்.

“ஏப்பா, கப்பல விட்டு எறங்கி ஊர் பாக்கப் போறப்ப இத மடியில கட்டிக்கிட்டே போகணுமா? இல்ல, கப்பல்லயே வச்சிட்டுப் போகலாமா?”

திண்டுக்கல் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிது. மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் சிறுமலை தெரியும், கடல் தெரியாது. ஆனால் கடல் கடந்து போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கிளம்பிய ‘போட் மெயில்’ திருச்சி, திண்டுக்கல், மதுரை வழியாகத்தான் தூத்துக்குடி போனது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு. பாலம் வந்த பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல் தாண்டினார்கள். அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போகிறவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, காலராவும் அம்மையும் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். இலங்கை 1948-ல் குடிவரவுச் சட்டம் கொண்டுவந்த பிறகே அந்தக் கடலுக்கு நடுவே காகித எல்லை விழுந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது.

இப்போது நிலைமை வேறு. 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்.வி. எம்ப்ரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற பாதையில் கிளம்பியது. 1990-ல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. ஒரே நடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்லும். ஒவ்வொரு துறைமுகத்திலும் காலையில் இறங்கி, கோயில் குளம் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி ஏற வேண்டும். அத்தையின் கேள்வி பிறப்பது அந்த இறக்கத்தில்தான்.

விமானத்தில் போனால் இந்தக் குழப்பமே கிடையாது. நீங்கள் இறங்குகிறீர்கள், விமானம் போய்விடுகிறது, பாஸ்போர்ட்டும் நீங்களும் ஒன்றாகவே அலைகிறீர்கள். கப்பல் அப்படியல்ல. உங்கள் படுக்கை, பெட்டி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் அது காத்துக்கொண்டிருக்கும். அந்த நாட்டு அதிகாரிகளின் பார்வையில் நீங்கள் தனியாக வந்த ஆள் இல்லை, கப்பலோடு வந்த கூட்டத்தில் ஒருவர். 1965-ல் உருவான ஃபால் உடன்படிக்கையின்படி கப்பல்கள் கொடுக்க வேண்டிய தாள்களுக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரிப் படிவங்கள் உண்டு. ஐந்தாம் எண் படிவம் ஊழியர் பட்டியல், ஆறாம் எண் படிவம் பயணிகள் பட்டியல். உங்கள் பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண் எல்லாம் நீங்கள் இறங்கும் முன்பே அந்தப் பட்டியலில் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கப்பல் தன் பக்கத்தில் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. ஏறும்போது உங்களைப் படம் பிடித்து, கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள். க்ரூஸ் கார்டு. அறைக் கதவுக்குச் சாவியும் அதுதான், காபிக் கடைக்குப் பணப்பையும் அதுதான். இறங்கும் பாலத்தருகே, அதாவது கேங்வேயில், காவலர் அதை வாங்கி ஒரு கருவியில் காட்டுவார். ‘டிங்’ என்று ஒலி வரும், திரையில் உங்கள் முகம் தெரியும். எதிரே நிற்பது அதே முகம்தானா என்று பார்த்துவிட்டு அனுப்புவார். திரும்பும்போதும் அதே ‘டிங்’. இப்படித்தான் யார் வெளியே, யார் உள்ளே என்று கப்பலுக்கு எந்த நொடியிலும் தெரிகிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஸ்.பி.எஸ். என்ற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இந்தக் காவலை இறுக்கியது. அதனால் பல துறைமுக வாசல்களில் க்ரூஸ் கார்டோடு படம் ஒட்டிய ஏதாவது ஓர் அடையாளச் சீட்டும் கேட்பார்கள்.

ஆக, கரையில் நீங்கள் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பலுக்குச் சொல்லும் பதில் அந்த அட்டை. நாட்டுக்குச் சொல்லும் பதிலைக் கப்பல் உங்களுக்காகப் பட்டியலில் முன்கூட்டியே சொல்லிவிட்டது. கப்பல் ஜாமீன் நிற்கும் வரை பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் வேலை வராது.

இந்த ‘பெரும்பாலும்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில பயணங்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி பர்சர் அலுவலகத்தில் அடுக்கிவிடுவார்கள். அப்போது கேள்விக்கே இடமில்லை. சில துறைமுகங்களில் இமிக்ரேஷன் அதிகாரி ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து முத்திரை குத்துவார். அன்றைக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் இறங்கவே முடியாது. எந்த ஊரில் எது என்பதை அக்கம்பக்கத்து அறைக்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. முதல் நாள் இரவு அறைக்கு ஒரு தாள் வரும், அல்லது ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்தத் தாள்தான் சட்டம்.

இணையத்தில் தேடினால் வரும் அறிவுரை பெரும்பாலும் அமெரிக்கர்கள் அமெரிக்கர்களுக்குச் சொன்னது. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அமெரிக்காவுக்கே திரும்பும் கப்பல்களில், அந்நாட்டுக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் படமுள்ள அடையாளச் சீட்டும் காட்டியே போய்வர முடியும். அவர்கள் ‘பாஸ்போர்ட்டா, எதற்கு?’ என்று பேசுவது அந்தத் தைரியத்தில். ஆதார் அட்டையை நம்பி நாம் அப்படிப் பேச முடியாது. உள்நாட்டுக் கடலிலேயே சுற்றிவரும் கப்பல் வேறு: சென்னையில் கிளம்பி புதுச்சேரி, விசாகப்பட்டினம் என்று போகிற பயணத்துக்கு அரசு தந்த அடையாள அட்டை போதும். சிங்கப்பூரில் ஏறி மலேசியா பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள், பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலில் இருந்து திரும்புவதும் ஒரு நுழைவுதான்.

பாஸ்போர்ட் என்ற அந்தச் சிறு புத்தகம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் அத்தையின் பையைப் பற்றி முடிவெடுப்பது சுலபம். 12.5 சென்டிமீட்டர் நீளம், 8.8 சென்டிமீட்டர் அகலம். படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் ஓடும், வரிக்கு 44 எழுத்துகள். நடுநடுவே அம்புக்குறி போல ‘<’ என்று நிரப்பியிருக்கும். மனிதர் படிக்க அல்ல, இயந்திரம் படிக்க. அதில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காவல் இலக்கம் நிற்கும். கணக்கு எளிது. ஒவ்வோர் இலக்கத்தையும் 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் காவல் இலக்கம். 1947 ஆகஸ்ட் 15-ல் பிறந்தவருக்கு அது 470815 என்று இருக்கும். 28, 21, 0, 56, 3, 5. கூட்டினால் 113. காவல் இலக்கம் 3. யாராவது ஓர் எண்ணை மாற்றி எழுதினாலோ கருவி தப்பாகப் படித்தாலோ கணக்கு உதைக்கும்.

2024 ஏப்ரல் முதல் இந்தியா படிப்படியாகக் கொடுத்துவரும் இ-பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு படி கூடுதல். முன் அட்டையில் பொன் நிறத்தில் ஒரு சின்னக் குறி இருந்தால் உள்ளே சிப் இருக்கிறது என்று பொருள். அதற்கு மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு விழிக்கும். விழித்ததும் பேசிவிடாது. முதலில் அந்த இரண்டு வரிகளைக் கருவி கண்ணால் படிக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் சேர்த்துச் செய்த ரகசியச் சாவியைக் காட்டினால்தான் சிப் வாய் திறக்கும். பூட்டின் மேலேயே சாவியைப் பொறித்து வைத்த மாதிரி! திண்டுக்கல் நாகல் நகர்ப் பூட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தந்திரம் இதுதான்: புத்தகத்தைத் திறந்து கருவியின் முன் வைக்காமல், பைக்குள் இருக்கும்போதே யாரும் திருட்டுத்தனமாகப் படித்துவிட முடியாது. சிப்புக்குள் இருக்கும் தகவலில் அரசின் மின்னணுக் கையொப்பமும் இருக்கிறது.

படப் பக்கத்தின் நகலை எடுத்தால் இரண்டு வரிகளும் அப்படியே வந்துவிடும். நீங்கள் யார், உங்கள் எண் என்ன என்று எந்தத் தூதரகமும் அதை வைத்தே தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் சிப்பும் கையொப்பமும் நகலில் வராது. ஆகவே நகல் உங்களை அடையாளம் காட்டும், எல்லை தாண்ட வைக்காது. ஒரு நாள் ஊர் சுற்றுகிறவருக்குத் தேவைப்படுவது அடையாளம் காட்டுவது மட்டுமே. (அதற்காக அந்த நகலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்காதீர்கள். போனில் ஒரு படம், மடித்த காகிதம் ஒன்று, அவ்வளவு போதும்.)

அசலை எடுத்துப்போய்த் தொலைத்தால் என்ன ஆகும்? முதலில் உள்ளூர்ப் போலீசில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். இலங்கையில் நமக்குக் கொழும்பில் ஹை கமிஷனும் கண்டியில் துணை அலுவலகமும், யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. கப்பல் பாதையோடு இதை வைத்துப் பாருங்கள். அம்பாந்தோட்டையில் தொலைத்தால் அலுவலகம் அதே ஊரில். காங்கேசன்துறையில் என்றால் யாழ்ப்பாணம் அருகில். திருகோணமலையில் தொலைத்தால்தான் கண்டிக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓட வேண்டும். அங்கே கோணேஸ்வரம் கோயில் பார்க்கப் போகிறவர்கள் மடியை இரண்டு முறை தடவிப் பார்ப்பது நல்லது. அவசரத்துக்குத் தூதரகம் தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட் இந்தியாவுக்குத் திரும்பும் ஒருவழிச் சீட்டு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியாது. ஊர் வந்து புதிதாக வாங்க, சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய் என்றால் தொலைத்தவருக்கு 3,000. பணத்தைவிட அலைச்சல் பெரிது. நனைந்து எழுத்து ஊறிப்போன பாஸ்போர்ட்டும் தொலைந்ததற்குச் சமம்தான். கடற்கரையில் இடுப்பில் கட்டிய துணிப்பை எவ்வளவு வியர்வை குடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்க வாதமும் சொத்தையில்லை. பாஸ்போர்ட்டைக் கப்பலில் விட்டு இறங்கினீர்கள், பஸ் பழுதாகி நின்றது, கப்பல் போய்விட்டது. இப்போது என்ன செய்வது? கப்பல்காரர்களுக்கு இது புதிதல்ல. கடைசி ‘டிங்’ வராத பெயர்கள் திரையில் மிச்சம் நிற்கும். கயிறு அவிழ்க்கும் முன் காவலர்கள் அந்தப் பயணியின் அறைக்குப் போய், அங்கிருக்கும் பெட்டகத்தைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். அதற்காகத்தான் இறங்கும்போது ஏஜென்டின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலா பஸ்ஸில் போனால் பெரும்பாலும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். தனியாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். நேரக் குழப்பத்திலும் கப்பலை விடுகிறவர்கள் உண்டு. இலங்கைக்கும் நமக்கும் ஒரே கடிகாரம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்.

என் முடிவு இதுதான். கப்பல் கேட்டால் எடுத்துப் போங்கள். கப்பலை விட்டுத் தனியாக வெகுதூரம், இரவு தங்கும் அளவுக்குப் போவதென்றால் எடுத்துப் போங்கள். கோயில் பார்த்து, தேயிலை வாங்கி, சாயங்காலம் திரும்புகிறவர்களுக்குப் பெட்டகமே மேல்.

கப்பலில் வேலை பார்ப்பவர்களைக் கவனித்தாலும் இது புரியும். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் ஏறும் நம் ஊர்ப் பையன்கள் மாதக் கணக்கில் கடலில் இருப்பார்கள். பாஸ்போர்ட் பெரும்பாலும் கப்பல் அலுவலகத்தில் கிடக்கும். துறைமுகத்தில் சுற்ற ஊழியர் அட்டையும் அந்த ஊர் தரும் அனுமதியும் போதும். கடலோடி என்று காட்டத் தனி அடையாள அட்டை வேண்டும் என்று 2003-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு 185-ம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா 2015-ல் அதை ஏற்று, 2019-ல் முக அடையாளம் பதித்த அட்டையைக் கொடுக்க ஆரம்பித்தது.

இவ்வளவையும் அத்தைக்குச் சுருக்கிச் சொன்னேன். சுருக்குப் பையில் க்ரூஸ் கார்டு, மடித்த நகல், ஏஜென்ட் எண் எழுதிய துண்டு, அவ்வளவுதான் என்றேன். பை பெரிதாகப் போய்விட்டதே என்று கவலைப்பட்டு, வீட்டுச் சாவியையும் அதில் போட்டுக்கொண்டார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டின் சாவி அது, நல்ல கனம். பாஸ்போர்ட் இருக்கப் போகும் பெட்டகத்துக்கு என்ன பூட்டு என்று கேட்டார். பூட்டெல்லாம் இல்லை அத்தை, நாலு இலக்க எண்ணை அழுத்தினால் மூடிக்கொள்ளும், நீங்கள் கரையில் தங்கிவிட்டால் அவர்களே வேறு வழியில் திறந்துகொள்வார்கள் என்றேன்.

“சாவியே இல்லாத பெட்டிய எப்பிடிப்பா நம்புறது?” என்றார்.