பழுது பொருளிலா, இணைப்பிலா?

நுழையும்முன்

ஓடும் மகிழுந்து குலுங்கத் தொடங்கினால், எஞ்சினில் பெரிய பாகம் ஏதோ கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணுவர். சில வேளைகளில் அதற்குக் காரணம், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு நெகிழி உறை உடைந்திருப்பதுதான். அப்பழுதைக் கண்டறியும் முறையையும் நீக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வோர் உருளையிலும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. அதனை எரிக்கும் தீப்பொறியைத் தருவது, ஸ்பார்க் பிளக் எனப்படும் பொறிச்செருகி. அதன் முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்தச் சிற்றிடைவெளியை மின்சாரம் தாண்டுவதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. மகிழுந்தின் பேட்டரி தருவதோ 12 வோல்ட்.

இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஈடுசெய்வது இக்னிஷன் காயில். மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இதனுள் இரண்டு செப்புக்கம்பிச் சுருள்கள் உள்ளன. முதற்சுருளில் சுற்றுகள் குறைவு. இரண்டாம் சுருளில் பல்லாயிரம் சுற்றுகள். முதற்சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிறுத்தப்படும்போது அதன் காந்தப்புலம் மறைகிறது. அக்கணமே இரண்டாம் சுருளில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் எழுகிறது. மின்னோட்டத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி முடிவுசெய்கிறது.

நான்கு உருளை எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஓர் உருளையில் பொறி பிறக்கும். அதாவது, ஓர் உருளையில் நொடிக்கு 25 பொறிகள். நான்கிலும் சேர்த்து 100 பொறிகள்!

கப்ளர் என்னும் இணைப்பி

இக்காலப் பெட்ரோல் மகிழுந்துகள் பலவற்றில் ஒவ்வொரு பொறிச்செருகியின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கும். கணினியிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வரும் கம்பிகளைக் காயிலுடன் சேர்ப்பது ஒரு சிறு இணைப்பி. பணிமனைகளில் இதனைக் ‘கப்ளர்’ என்பர். நெகிழி உறை, உள்ளே உலோக முனைகள், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், வெளியே ஒரு பூட்டுநாக்கு ஆகியவை இதன் உறுப்புகள். சரியாகப் பொருந்தும்போது ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்கும்.

எஞ்சினின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த நெகிழி இறுகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. பூட்டுநாக்கை அழுத்தாமல் கம்பியைப் பிடித்து இழுப்பவரின் கையில் அது எளிதில் முறிந்துவிடுகிறது. எலிகள் கம்பியைக் கடிப்பதும் உண்டு. பூட்டுநாக்கு முறிந்தபின், எஞ்சின் அதிரும் ஒவ்வொரு முறையும் உலோக முனைகள் தொட்டும் விலகியும் ஆடுகின்றன. பொறி சிலபோது வரும், சிலபோது வராது.

பொறி வராதபோது, எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வெளியேறி வினையூக்கி மாற்றியை அடைந்து, அங்கே எரிகிறது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காகப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களைக் கொண்டு செய்யப்பட்ட கருவி அது. மிகுவெப்பத்தால் அது பாழானால், ஆகும் செலவு பெரிது, காற்றும் மாசுபடும். ஆகவே எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மகிழுந்தைத் தொடர்ந்து ஓட்டுதல் கூடாது.

பழுதைக் கண்டறிதல்

மகிழுந்தின் கணினியோடு பொருத்தப்படும் சோதனைக் கருவி, எந்த உருளையில் பொறி தவறுகிறது என்பதைக் குறியீட்டால் காட்டும். சான்றாக, ‘பி 0302’ என்பது இரண்டாம் உருளையைக் குறிக்கும். ஆனால், தவற்றுக்குக் காரணம் காயிலா, கப்ளரா, பொறிச்செருகியா என்பதை அக்குறியீடு கூறாது. அதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு.

எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டு, இரண்டாம் உருளையின் காயிலையும் மூன்றாம் உருளையின் காயிலையும் இடம் மாற்ற வேண்டும். மீண்டும் ஓட்டும்போது பழுது மூன்றாம் உருளைக்குச் சென்றால், கெட்டது காயில். இரண்டாம் உருளையிலேயே நின்றால், காயில் குற்றமற்றது. கப்ளரையும் கம்பியையும் பொறிச்செருகியையும் ஆராய வேண்டும். இச்சோதனையைச் செய்யாமல் புதிய காயிலை வாங்கிப் பொருத்துவோர் பலர். பணம் செலவாகும், குலுங்கல் நிற்காது.

மாற்றும் முறை

கம்பிகளுடன் கூடிய கப்ளரை உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். தில்லியில் காஷ்மீரி கேட், சென்னையில் புதுப்பேட்டை ஆகியவை இத்தகைய கடைகளுக்குப் பெயர்பெற்றவை. பழைய கப்ளரை நிழற்படம் எடுத்துச் சென்றால் ஒத்த வகையைத் தேர்வது எளிது.

1. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக.

2. கம்பிகளின் வரிசையைக் குறித்துக்கொள்க. புதிய கம்பியின் நிறம் வேறாக இருக்கலாம். ஆதலால் நிறத்தை நம்பாமல், கப்ளரில் அது அமைந்துள்ள இடத்தைக் கொண்டே பொருத்துக. கம்பிகள் மாறினால் காயிலோ கணினியோ பழுதாகக்கூடும்.

3. ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் வெட்டி இணைக்க வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நீளத்தில் வெட்டாமல் ஏற்ற இறக்கமாக வெட்டினால், இணைப்புகள் அருகருகே அமைந்து தடிக்கமாட்டா.

4. வெப்பத்தில் சுருங்கும் ‘ஸ்லீவ்’ என்னும் குழலை முதலிலேயே கம்பியில் நுழைத்துவிடுக. இணைத்தபின் நுழைக்க இயலாது.

5. கம்பிகளின் மேலுறையைச் சிறிதளவு உரித்து, அவற்றின் தடிமனுக்கு ஏற்ற உலோக இணைப்புக் குழலுள் செலுத்தி, உரிய இடுக்கியால் நசுக்குக. மெல்ல இழுத்துப் பார்க்கும்போது கம்பி அசையக் கூடாது. பின்னர் ஸ்லீவை இணைப்பின்மேல் நகர்த்தி, சூடேற்றிச் சுருங்கச் செய்க.

6. சூடான பாகங்களில் படாதவாறு கம்பிகளைக் கட்டுக. கப்ளரைக் காயிலில் ‘கிளிக்’ ஒலி கேட்கும்வரை அழுத்துக. பேட்டரியை இணைத்து எஞ்சினை இயக்கிப் பார்க்க.

கம்பிகளை வெறுமனே முறுக்கி, ஒட்டுநாடா சுற்றிவிடுவதும் உண்டு. வெப்பத்தில் பசை இளகும். அதிர்வில் முறுக்கு தளரும். பழுது மீண்டும் வரும்.

எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது காயிலையோ அதன் கம்பிகளையோ தொடுதல் ஆபத்தானது. இப்பணி அறிந்த பெரியவர் செய்ய, நீங்கள் அருகிலிருந்து கற்கலாம்.

ஒரு பொருள் இயங்கவில்லை என்றால் அப்பொருளே கெட்டது என முடிவுசெய்தல் எளிது. அதனைப் பிறவற்றோடு சேர்க்கும் இடத்தை முதலில் பார்ப்பவரே நல்ல பழுதுநீக்குநர். நின்றுபோன மின்விசிறிக்கும் ஒலிக்காத வானொலிக்கும் இது பொருந்தும்.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
வினையூக்கி – வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
பணிமனை – வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடம்

பயிற்சி

1. காயில்களை இடம் மாற்றியபின்னும் பழுது அதே உருளையில் நின்றால் நாம் அறிவது யாது?
2. ஸ்லீவை முதலிலேயே நுழைக்க வேண்டும், ஏன்?
3. ‘செப்புக்கம்பி’ என்பதைப் பிரித்து எழுதி, ‘செம்பு’ அடைந்த மாற்றத்தைக் கூறுக.
4. உங்கள் வீட்டில் பழுதுபார்க்கப்பட்ட பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.