31 ஒன்றுகள்: 2147483647-ன் கதை

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்திப் பேசப்போறோம். 2147483647. நம்ம கணக்குல சொன்னா 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

2014 டிசம்பர்ல 'கங்னம் ஸ்டைல்' பாட்டோட யூடியூப் வியூஸ் இந்த எண்ணைத் தாண்டுச்சு. அந்த கவுன்ட்டரோட பழைய உச்சவரம்பே இதுதான். ஏன் இப்படி ஒரு விநோதமான எண்?

கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது 0, 1 மட்டும்தான். ஒரு எண்ணுக்கு 32 இடம் ஒதுக்கினா, முதல் இடம் பிளஸ்ஸா மைனஸான்னு சொல்லவே போயிடும். மிச்சம் 31 இடத்துலயும் 1 போட்டா வர்றதுதான் நம்ம ஹீரோ.

இவர் ஒரு பகா எண்ணும்கூட. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாலு 1 இருந்தா ரெண்டு ரெண்டா வெட்டலாம்: 1111 = 11 × 101. பைனரியில இதுக்கு அர்த்தம் 15 = 3 × 5. ஆனா 31-ஐ இப்படிச் சமமா வெட்ட முடியாது, ஏன்னா 31 பகா எண். அது மட்டும் போதுமா? போதாது! பதினொரு 1 போட்டா 2047 வரும். அது 23 × 89.

அப்போ வகுத்துப் பார்த்தாகணும். வர்க்கமூலம் 46,340 வரைக்கும் இருக்கிற பகா எண்கள் மட்டுமே சுமார் 4,800. 1772-ல ஆய்லர் இதுக்கு ஒரு குறுக்குவழி சொன்னார். இதை வகுக்கிற எந்தப் பகா எண்ணும், 248-ஆல் வகுத்தா மீதி 1 அல்லது 63 வர்றதா இருக்கணும். அதனால அதிகபட்சம் 372 வகுத்தல் போதும். கால்குலேட்டர் இல்லாத காலம், யோசிச்சுப் பாருங்க! எதுவுமே மீதியில்லாம வகுக்கலை. எனவே பகா எண்.

இப்போ நம்ம கவலைக்கு வருவோம். பல பழைய சிஸ்டம்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1-லிருந்து ஓடின விநாடிகளா 32 பிட்ல எண்ணுது. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அந்தக் கணக்கு 2147483647-ஐத் தொடும். அடுத்த விநாடி மைனஸுக்குப் புரண்டு, தேதி 1901 டிசம்பருக்குப் போயிடும்.

தீர்வு, 64 பிட். அதுல 63 ஒன்றுகள். விநாடிக் கணக்கு சுமார் 29,000 கோடி வருஷம் தாங்கும். 63-ஐ மூணு மூணா வெட்டலாம், அதனால அந்த எண் 7-ஆல் வகுபடும், பகா எண் இல்லை. அதாவது கவுன்ட்டர் நிக்கிறதுக்குக் காரணம் பகாத்தன்மை இல்லை, இடம் தீர்ந்துபோறதுதான்.

புது போன், லேப்டாப்பெல்லாம் பெரும்பாலும் மாறியாச்சு. பிரச்சினை, ஒருதடவை மாட்டிட்டு அப்டேட்டே பண்ணாத மெஷின்கள்லதான். கோடிங் வேலையில இருக்கீங்களா? உங்க டேட்டாபேஸ்ல நேரம் எத்தனை பிட்ல இருக்குன்னு நாளைக்கே ஒருதடவை பார்த்துடுங்க.