கை படும் பலகைக்கு ஒரு கவசம்

வீட்டில் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி கட்டுபவர்களுக்கு வயரிங் பெரிய சவால் அல்ல. வியர்வைக்கும் டீக்கும் தப்பிப் பலகை பிழைப்பதுதான் சவால்.

முஸ்தஃபாவை மறந்தவர்கள் குறைவு. கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ ஆட்டத்துக்கு இந்திய வீடியோ கேம் பார்லர்களில் வழங்கிய பெயர் அது. மஞ்சள் தொப்பிக்காரப் பாத்திரத்தின் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. காசைக் கையில் பிடித்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்த சிறுவர்களில் பலர் இன்று நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள். அவர்களில் சிலருக்கு ஓர் ஆசை: அந்தப் பெட்டியை வீட்டிலேயே கட்டிவிட வேண்டும்.

ஆசைக்கு வழியும் இருக்கிறது. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997இல் வெளியிட்ட ‘மேம்’ என்ற மென்பொருள், பழைய இயந்திரங்களைக் கம்ப்யூட்டருக்குள் உயிர்ப்பித்தது. 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் வேலையை இன்னும் சுலபமாக்கியது. மும்பை லேமிங்டன் சாலையிலோ டெல்லி நேரு பிளேஸிலோ மின்னணுப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. மிச்சம் இருப்பது தச்சு வேலை. பலரும் சறுக்குவது அங்கேதான்.

காரணம் எளிது. பட்டன் கெட்டால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பலகை ஊதிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்துக்கு ஆளுக்கு ஆறு பட்டன்கள்: குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. இருவர் ஆடும் பலகையில் பட்டன்களுக்கு மட்டும் பன்னிரண்டு துளைகள். ஒவ்வொன்றும் ஈரம் உள்ளே நுழையும் வாசல். மேற்பரப்பை மட்டும் மினுக்கிவிட்டுத் துளையின் உட்சுவரை விட்டுவிடுபவர்கள் மழைக்காலத்தில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

எம்.டி.எஃப். பலகையை வெட்டுவது சுலபம், மழுமழுவென்று இருக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. கடலோர நகரங்களின் ஈரக்காற்றுக்கு ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மரைன் பிளைவுட் பாதுகாப்பானது. 18 மி.மீ. தடிமன் போதும், கை ஓங்கி அடித்தாலும் அதிராது.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் துளைகள், பிறகுதான் பூச்சு. அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்துத் துளையிட்டால் மறுபக்கம் சிம்பு பெயராது. ஓரங்களை உருட்டி, பட்டி பார்த்து, 120, 220, 320 எண் உப்புத்தாள்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்க்க வேண்டும். அடுத்து பிரைமர். அதன்மேல் மெல்லிய பூச்சுகள் பல. ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் வழியும், சுருங்கும். துளையின் உட்சுவருக்கும் பலகையின் அடிப்புறத்துக்கும் கட்டாயம் ஒரு கை பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்த பலகை, மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். சன்மைக்கா ஒட்டினாலும் இதே விதிதான்: மேலே ஒன்று, கீழே ஒன்று.

தச்சர்கள் காலங்காலமாக நம்பும் ஸ்பிரிட் பாலிஷ் இங்கே உதவாது. அது அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது. சாராயம் பட்டால் மறுபடி இளகும். கொரோனாவுக்குப் பிறகு வீடுதோறும் குடியேறிய சானிடைசர் அதற்கு எமன். பாலியூரித்தேன் பூச்சு அதைவிட உறுதியாகத் தாங்கும்.

படம் ஒட்ட விரும்புபவர்களுக்குப் பழைய இயந்திரங்களே பாடம். அவற்றில் பலவற்றில் படத்தைப் பிளாஸ்டிக் தகட்டின் பின்பக்கம் அச்சிட்டார்கள். எத்தனை கை தேய்த்தாலும் வண்ணம் அழியாததன் ரகசியம் அதுதான். வீட்டில் அச்சிட்ட வினைல் படத்தின் மேல் 2 அல்லது 3 மி.மீ. தகடு ஒன்றை வைத்தால் அதே பலன். அக்ரிலிக் எளிதில் கீறாது, ஆனால் அவசரமாகத் துளையிட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கி, மெதுவாகத் துளையிட்டால் இரண்டுமே பிழைக்கும். துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் தின்னரும் தகட்டைக் கெடுத்துவிடும்.

மிகக் கடினமான கட்டம் கடைசியில்: சும்மா இருப்பது. தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் காய்ந்தது போலத் தோன்றும் பூச்சு, உள்ளுக்குள் இறுகப் பல நாட்களாகும். அதற்குள் பட்டனை முடுக்கினால் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது பெயின்ட்டும் தோலாக உரிந்து வரும்.

இவ்வளவு அக்கறையும் பலகைக்கு. அதை இழைப்பவரின் நுரையீரலுக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற வகையில் மரத்தூளை 1995இலும், எம்.டி.எஃப். பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை 2004இலும் சேர்த்தது. இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. ஆனாலும் மூக்கில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு, மூடிய அறையில் ஸ்பிரே அடிப்பது சாதாரணக் காட்சி. அதிலும் பெரும்பாலும் அடிப்பவர் ஆசைப்பட்டவர் அல்ல, கூலிக்கு வந்த பாலிஷ்காரர்.

கைக்குட்டை தூசியைக்கூடச் சரியாகத் தடுக்காது; ஆவியை அறவே தடுக்காது. திறந்த மொட்டை மாடி, அணைத்த அடுப்பு, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி: இவற்றையும் பட்டன்களோடு சேர்த்துச் செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும். விளையாட்டில் மூன்று உயிர் கொடுப்பார்கள். பட்டறையில் ஒன்றுதான்.