உங்களுக்குத் தெரியுமா? அனூரிசத்துக்குக் கிளிப்பா, சுருளா?

மூளை ரத்தக்குழாயில் உப்பிய இடம் (அனூரிசம்) வெடித்துவிட்டால், மறுபடி கசியாமல் தடுக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் உலோகக் கிளிப் மாட்டலாம். அல்லது தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, முடிபோன்ற பிளாட்டினக் கம்பிச்சுருளால் வீக்கத்தை உள்ளிருந்தே நிரப்பலாம். இரண்டுமே பொருந்துமென்றால் சுருளே முதல் தேர்வு என்பேன். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியான ‘ஐசாட்’ ஆய்வில் சேர்ந்தவர்கள் 2,143 பேர். ஓராண்டுக்குப் பின் இறந்திருந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து, கிளிப் பிரிவில் சுமார் 31 சதவீதம். சுருள் பிரிவில் சுமார் 24.

சுருள் நாளடைவில் அமுங்கி வீக்கம் மீண்டும் திறந்துகொள்ளாதா? நியாயமான கேள்விதான். மறுகசிவு சுருள் பிரிவில் சற்று அதிகம். ஆனாலும் அரிது, முதலாண்டு ஆதாயத்தை அது அழித்துவிடவில்லை. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: ஆய்வில் இடம்பெற்றவை பெரும்பாலும் சிறிய, முன்பகுதி ரத்தக்குழாய் வீக்கங்கள். மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டு சேர்ந்தவர்களுக்கும், நடுப்பெருமூளைத் தமனி வீக்கங்கள் பலவற்றுக்கும் கிளிப்பே ஏற்றதாகலாம். வெடிக்காத வீக்கத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. இரண்டு முறையிலும் தேர்ந்த மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் மருத்துவமனையையே நாடுங்கள்.